மீன் மேலே வருகிற நேரம்

இன்னும் ஒன்றும் மேலே வரவில்லை. தண்ணீர் பாறையைச் சுற்றிக்கொண்டு வந்து என் பூட்ஸை நனைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் இருக்கிற பாலத்துக்கு அடியில் போய்விடுகிறது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை, அவசரமெல்லாம் எனக்குத்தான். கையில் ஞானதுரையின் கம்பு, கம்பு நுனியில் நூல், நூல் நுனியில் சேவல் கழுத்து இறகைச் சுற்றிக் கட்டிய ஒரு பொய்ப் பூச்சி. அதைத் தண்ணீரில் போடாமல் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். போடக் கூடாது. மிதக்கிற பூச்சிக்கு நேரம் இருக்கிறது, மீன் தானாக மேலே வந்து வாயைத் திறந்து தண்ணீரில் ஒரு வட்டம் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் நாம் போடலாம், அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நில்லு என்பார் ஞானதுரை. என் வீட்டுக்காரர், இந்த எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தவர், வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன இந்த ட்ரௌட் மீன்களோடு என்னோடு பேசினதைவிட அதிகம் பேசினவர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கம்பு இருக்கிறது, நான் இருக்கிறேன், அதோ பாறைமேல் காலைக் கட்டிக்கொண்டு எங்கள் மகள் ஹெப்சி இருக்கிறாள். கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த மகள், மூன்று நாளைக்கு முன்னால் ஒரே ஒரு பையோடு வந்து வாசலில் நின்று, ஏண்டி திடீரென்று என்றதற்கு "சும்மா வந்தேம்மா" என்றவள். சும்மா வருகிற தூரமா இது? அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவள் புருஷன் ஜாஸ்பர் இன்று சாயங்காலம் இந்தப் பாலத்தின் வழியாகத்தான் வரப்போகிறார், காலையில் நான்தான் அவருக்கு ஃபோன் பண்ணினேன், அது அவளுக்குத் தெரியாது. கார் வருவதற்குள் அவள் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் நான் ஏதாவது செய்யலாம். எதைச் செய்வது என்று தெரியவில்லை, ஆனால் செய்யலாம்.

மேலே வளைவில் ஒரு வண்டி சத்தம். கழுத்து தானாகத் திரும்புகிறது. தேயிலைக் கொழுந்து ஏற்றிப் போகிற லாரி, அதன் இருமல் எனக்குத் தெரியும். பாலத்தின் மேல் உரசாமல் உரசிக்கொண்டு போகிறது, அவ்வளவு ஒடுக்கமான பாலம், ஒரு வண்டி ஏறினால் எதிரில் ஆடு வந்தால்கூட நிற்க வேண்டும். ஹெப்சியும் திரும்பிப் பார்த்தாள். லாரி என்று தெரிந்ததும் முகத்தை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். ஏன் பார்த்தாள், யாராவது வருவார்கள் என்று நினைக்கிறாளா, இல்லை லாரி போனால் எல்லாரும் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாளா. என் புத்தி இப்படித்தான், ஒன்றைப் பிடித்தால் விடாது. இந்த மூன்று நாளும் இப்படித்தான் அவளைத் துருவிக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது கேட்டேன், துணி மடிக்கும்போது கேட்டேன், விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கட்டிலிலிருந்து கேட்டேன். சண்டையா? இல்லம்மா. மாமியார் ஏதாவது சொன்னாங்களா? இல்லம்மா. குழந்தை இல்லைன்னு யாராவது? இல்லம்மா, தூங்கு. ஈயக்குண்டு கட்டி அடியில் இறக்கித் தேடுகிற தூண்டில் உண்டு, மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கிக் கிடக்கும்போது அதைத்தான் போடுவார்கள், மீன் எங்கே என்று தெரியாதபோது போடுவது. அதைப் போட்டுப் போட்டு என் பிள்ளையின் அடித்தரையையே கிளறிவிட்டேன், அவள் இன்னும் ஆழத்துக்குப் போனதுதான் மிச்சம்.

உடம்பையும் பார்த்துவிட்டேன். முப்பது வருஷம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளுக்கு அது பெரிய காரியமா, தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறேன் என்று உட்கார வைத்து, கழுத்து, தோள், முதுகு, கைமுட்டி எல்லாம் பார்த்தேன். ஒரு கன்றல் இல்லை, ஒரு கீறல் இல்லை. இடது ஆள்காட்டி விரலில் மட்டும் ஒரு பழைய வெட்டுத் தழும்பு, அது எனக்கு முன்பே தெரியும், போன மாசம் காய் நறுக்கும்போது பட்டது. அடிக்கிறவன் இல்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது, அடுத்த நிமிஷமே அந்த நிம்மதி போய்விட்டது, அடிக்காதவனிடமிருந்து ஏன் வந்தாள்? "லில்லி சிஸ்டர் ஊசியைப் போட்டுட்டுத்தான் எங்க வலிக்குதுன்னு கேப்பாங்க" என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் என்னைக் கேலி பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன், வரிசையில் அறுபது பேர் நின்றால் அப்படித்தான், ஒவ்வொருத்தர் கதையையும் கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் பெற்ற பிள்ளைக்கு முன்னால் வரிசையில் யாரும் நிற்கவில்லையே.

ஜாஸ்பரைப் பற்றி நான் என்ன குறை சொல்ல முடியும்? இந்த விஷயத்தில் நானே அவருக்கு வக்கீல். எந்த மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து மாமியாருக்கு ஃபோன் போட்டு, "அத்தை, ஹெப்சி இன்னும் சாப்பிடல, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார்? மணி இரண்டரை, அவர் ஆபீஸில், அவள் வீட்டில், இவருக்கு அங்கே வயிறு பதறுகிறது. விரலை வெட்டிக்கொண்டாளே, அதை எனக்குச் சொன்னதும் அவர்தான். "ரத்தம் நிக்க மாட்டேங்குது அத்தை, நான் மீட்டிங்ல இருக்கேன், நீங்க அவளுக்கு ஃபோன் பண்ணி என்ன செய்யணும்னு சொல்லுங்க." நான் உடனே அவளுக்குப் போட்டேன், மருந்து போட்டியா, துணியை இறுக்கிக் கட்டு, கையைத் தூக்கிப் பிடி என்று. அவள் மறுமுனையில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, வலி போல என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே சபைப் பெண்கள் கூட்டத்தில் இதை எழுந்து நின்று சாட்சியாகவே சொன்னேன், கர்த்தர் எனக்கு மருமகனைத் தரவில்லை, மகனைத் தந்திருக்கிறார் என்று. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே சரி சொன்னவள் நான், யோசித்துச் சொல்வோம் என்று ஞானதுரை மெதுவாகக் காதில் சொன்னதற்குக்கூட நான் காத்திருக்கவில்லை, நல்ல இடம் கையை விட்டுப் போய்விடும் என்று பயம். போகவில்லை. நல்ல இடமாகத்தான் இருக்கிறது. அப்புறம் எதற்கு இவள் இங்கே இந்தக் குளிரில் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாள்.

வட்டம்.

பாறைக்குக் கீழே, நுரை ஓரமாக, ஒரு சின்ன வட்டம் விரிந்து கரைந்தது. மீன் ஓட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும், அதனால்தான் நான் கீழே பின்புறமாக நிற்கிறேன். அதன் தலைமேல் போட்டால் ஓடிவிடும், கொஞ்சம் மேலே போட்டு, ஓட்டம் தானாகக் கொண்டுவந்து அதன் வாயில் கொடுக்கும்படி விட வேண்டும். கம்பைப் பின்னால் வீசி, முன்னால் வீசி, பூச்சியிலிருக்கிற ஈரத்தைக் காற்றில் உதறி, மெதுவாக விடுகிறேன். பூச்சி தண்ணீர்மேல் கால் ஊன்றி உட்கார்கிறது. வருகிறது, வருகிறது, ஒரு மூக்கு மேலே வந்தது, நான் தூக்கிவிட்டேன். கம்பு வெறுமனே வானத்தைக் குத்துகிறது, நூல் சுருண்டு என் தோள்மேலேயே விழுகிறது. மீன் இன்னும் வாயை மூடவே இல்லை, அதற்குள் அதன் வாயிலிருந்து பூச்சியைப் பிடுங்கிவிட்டேன்.

ஹெப்சி சிரித்துவிட்டாள். மூன்று நாளில் முதல் தடவை. "ஆமென் சொன்னியாம்மா?"

அவள் அப்பா சொல்லிக்கொடுத்தது அது. மீன் பூச்சியை வாங்கினதும் தூக்காதே, அது வாயை மூடித் தலையைக் கீழே திருப்புகிற வரைக்கும் பொறு, அதுவரைக்கும் மனசுக்குள் கர்த்தரே இரக்கமாயிரும், ஆமென் என்று சொல், ஆமென் சொன்ன பிறகு தூக்கு, ஆனால் அதற்கு மேல் ஒரு நொடி தாமதித்தாலும் துப்பிவிடும் என்பார். வெள்ளைக்கார துரைமார்கள் தங்கள் பாஷையில் வேறு என்னவோ சொல்வார்களாம், இவர் அதை நம் ஜெபமாக்கிக்கொண்டார். எனக்கு அது வந்ததே இல்லை. கர்த்தரே என்பதற்குள் என் கை மேலே போய்விடும். "உன் கைக்கு முங்குற தூண்டில்தான் சரி, அதுல மீனே தன்னை மாட்டிக்கும்" என்று கேலி பண்ணுவார், நானும் ஒரு தடவை கோபத்தில் கம்பை இந்த ஓடையில் போட்டுவிட்டுப் போய்விட்டேன், அவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எடுத்துக்கொண்டு வந்து சாயங்காலம் ஒன்றும் நடக்காததுபோல டீ கேட்டார். அந்த மனுஷன் இருந்திருந்தால் இவள் இந்நேரம் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவே மாட்டார், அதனால் எல்லாரும் அவரிடம் சொல்வார்கள். ஓடைக்கு வரலாம் என்றதுகூட அவள்தான். மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "அம்மா, அப்பா கம்பை எடுத்துக்கிட்டு ஓடைக்குப் போலாமா?" என்றாள். எனக்கு ஆச்சரியம், உள்ளுக்குள் சந்தோஷமும்கூட, பாலத்துப் பக்கம் இருந்தால் காரை முதலில் நான் பார்க்கலாமே.

சிரித்த சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கும்போதே அவள் காலைக் கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு, பாறையின் பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டு, "அம்மா, அங்க வீட்ல எப்பவும்" என்று ஆரம்பித்தாள்.

"குடிக்கிறானா?" என்றேன்.

வாய்தான், வாயை என்ன செய்ய. "இல்ல வேற பொம்பளையா? சொல்லுடி, எதுவா இருந்தாலும் சொல்லு, நான் இருக்கேன்ல." சொல்லிக்கொண்டே ஒரு அடி அவள் பக்கம் எடுத்துவைத்தேன், தண்ணீர் சளப் என்றது, அவள் முகத்திலிருந்து சிரிப்பு கீழே இறங்கிப் போவது தெரிந்தது. "ஒண்ணுமில்லம்மா" என்றாள். "குளிருதுன்னு சொல்ல வந்தேன்." பாசியைச் சுரண்டுவதையும் நிறுத்திவிட்டாள். மூக்கு மேலே வந்தது, நான் தூக்கிவிட்டேன். அதே கை, அதே அவசரம், ஐந்து நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது, கையில் கம்பு இருப்பதால் அதுவும் முடியவில்லை.

மணி என்ன இருக்கும்? கடிகாரம் கட்டிக்கொண்டு வரவில்லை. வெயில் எதிர்க்கரை சோலைக்காட்டின் பாதி மரம் வரைக்கும் ஏறிவிட்டது, நாலு மணியாவது ஆகியிருக்கும். நாலரைக்குள் வந்துவிடுவேன் என்றார் ஜாஸ்பர். காலையில் அந்த ஃபோனில் ஒன்று இடறியது, அப்போது தெரியவில்லை, இப்போது செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல ஒவ்வொரு யோசனையிலும் குத்துகிறது. நான் என்ன சொன்னேன், "மாப்பிள்ளை, ஹெப்சி இங்க வந்து மூணு நாளாச்சு, முகமே சரியில்ல, உங்களுக்குள்ள ஏதாவது" என்றேன். கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். பிறகு மெதுவாக, அன்பாக, "அப்படியா அத்தை. ஏற்காட்ல தியான முகாம், ஃபோனெல்லாம் வாசல்லயே வாங்கி வெச்சுக்குவாங்கன்னு சொல்லிட்டுப் போனா" என்றார். பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என் பிள்ளை. அப்புறம் அவர் கேட்டது என்ன? "இப்ப எங்க நிக்கிறா? சமையல்கட்டுலயா?" ஆமாம் மாப்பிள்ளை, காபி போட்டுக்கிட்டிருக்கா என்றேன். "சரி, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அவகிட்ட சொல்ல வேண்டாம் அத்தை, திடீர்னு வந்து நின்னா சந்தோஷப்படுவா." நானும் சரி என்றேன், பொய் சொன்னது இவள், ஓடி வருவது அவர், எனக்கு யார் பக்கம் நியாயம் என்று அந்த நிமிஷம் சந்தேகமே வரவில்லை. ஆனால் எங்கே நிற்கிறாள் என்று எதற்குக் கேட்க வேண்டும்? நலமாக இருக்கிறாளா, சாப்பிட்டாளா, அழுதாளா என்று கேட்கலாம். எங்கே நிற்கிறாள் என்று கேட்டால் என்ன அர்த்தம்?

பூச்சிகள் எழும்ப ஆரம்பித்துவிட்டன. மேகம் வந்து வெயிலை மூடினதும் தண்ணீருக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக வந்து, மேலே சிறகு காயும் வரை கொஞ்ச தூரம் மிதந்து போய், பிறகு பறக்கின்றன. சாம்பல் நிறச் சிறகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ஒன்று என் முழங்கைமேல் உட்கார்ந்திருக்கிறது, எடையே இல்லை. இதுதான் நேரம். காற்று நின்று, லேசான கதகதப்பில் பூச்சி எழும்பி, தண்ணீர் தெளிந்து இருக்கிற இந்த அரை மணி நேரத்துக்காகத்தான் ஞானதுரை ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வருவார். மூன்று இடத்தில், நாலு இடத்தில் வட்டம் விழுகிறது. ஆனால் என் பக்கம் ஒன்றும் இல்லை. ஏன்? மேகம் விலகி மறுபடி வெயில் அடிக்கும்போதுதான் தெரிகிறது, என் நிழல். சூரியன் பாலத்துப் பக்கம் சாய்ந்துவிட்டது, என் முதுகில் அடிக்கிறது, கம்பும் தொப்பியுமாக என் நிழல் நீண்டு ஓடைப் பள்ளத்தின் நடுவரைக்கும் படுத்திருக்கிறது. மேலே ஒருத்தி நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் எந்த மீன் வரும்? மெல்ல, சத்தமில்லாமல், ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து, கரை ஓரம் காட்டுச்செடி மறைவுக்குப் போய்க் குனிந்து நிற்கிறேன். இடுப்பு வலிக்கிறது. வலிக்கட்டும்.

"அம்மா, இங்க நம்மள யாரும் பார்க்க மாட்டாங்கல்ல?" ஹெப்சி கேட்கிறாள்.

"மீன்தான் பார்க்கும்" என்றேன். நைட்டிமேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாளே, அதற்குக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்தக் கேள்வி போகாமல் நின்றது. வந்த அன்றைக்கு நம் வீட்டுச் சமையல்கட்டில் நுழைந்ததும் அவள் முதலில் செய்தது என்ன? மேலே பார்த்தாள். மூலையைப் பார்த்தாள், நாலு மூலையையும். ஒட்டடை அடிக்கவில்லை என்று என்னைக் குறை சொல்லப் போகிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது, மறுநாளே ஏணி போட்டு அடித்தேன். காபி கலக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, டம்ளரை நெஞ்சோடு அணைத்து மறைத்துக் கலக்குகிறாள். பாத்திரம் கழுவும்போது கீர்த்தனை முனகாமல் கழுவவே தெரியாதவள், மூன்று நாளாக வெறும் குழாய்ச் சத்தம்தான் கேட்கிறது. தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய் நின்றுகொண்டு சாப்பிடுகிறாள், ஏன் என்றால் வெயில் நன்றாக இருக்கிறது என்கிறாள், சாரல் விழுகிறது. ஃபோனை ஆஃப் பண்ணி, துண்டில் சுற்றி, பையின் அடியில் வைத்திருக்கிறாள், பிள்ளையைப் படுக்கவைத்த மாதிரி. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று ஒரு பயம் வந்தது எனக்கு, நேற்று இரவு முழுக்க அந்தப் பயம்தான், அதனால்தான் விடிந்ததும் ஃபோன் பண்ணினேன். பயந்துபோய்த்தான் பண்ணினேன். அதை யாரிடம் சொல்ல.

பாறைக்குக் கீழே அதே இடத்தில் அதே வட்டம். அதே மீன்தான், என்னை மன்னித்துவிட்டது. வீசுகிறேன், பூச்சி நுரைக்கு மேலே போய் விழுகிறது. நூலை ஓட்டம் இழுத்தால் பூச்சியும் இழுபடும், தண்ணீரில் கோடு போடும், உயிருள்ள பூச்சி கோடு போடாது என்று மீனுக்குத் தெரியும். அதனால் நூலைக் கொஞ்சம் தளர்த்தி, மேல் பக்கமாக எடுத்துப் போட்டு, பூச்சியைத் தன் போக்கில் வரவிடுகிறேன். இழுக்காதே. எதையும் இழுக்காதே லில்லி.

"அம்மா."

"ம்."

"சமையல்கட்டுல கேமரா வெச்சிருக்காரு."

கர்த்தரே. பூச்சி வருகிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவளைப் பார்க்கவில்லை, பார்த்தால் பேசிவிடுவேன்.

"முதல்ல வாசல்ல மட்டும்தான் வெச்சாரு, திருட்டு பயம்னு. அப்புறம் ஹால்ல. அப்புறம் சமையல்கட்டு, பெட்ரூம். பாத்ரூம்ல இல்ல. ஆனா உள்ள போய்க் கொஞ்சம் நேரமாச்சுன்னா ஃபோன் வந்துடும்."

மூக்கு மேலே வந்தது. பூச்சியை வாங்கியது. வட்டம் விரிகிறது. என் கை தூக்கு தூக்கு என்கிறது, நான் தூக்கவில்லை.

"அதுல பேசவும் முடியும்மா. ஆபீஸ்ல இருந்தே பேசுவாரு. காபி போட்டா, ஹெப்சி இது ரெண்டாவதுன்னு மேல இருந்து குரல் வரும். திட்ட மாட்டாரு. ஒரு நாள்கூடத் திட்டினதில்ல. சிரிச்சுக்கிட்டே, அன்பாத்தான் சொல்லுவாரு. என்ன முனகிக்கிட்டிருக்க, எனக்கும் கேக்கற மாதிரி பாடுன்னு சொல்வாரு. நான் பாடறத விட்டுட்டேன். தூக்கத்துல திரும்பிப் படுத்தாக்கூட, மறுநாள் ஏன் தூங்கலன்னு கேப்பாரு."

மீன் பூச்சியைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. நூல் தளர்ந்து என் காலைச் சுற்றிக்கொண்டு பாலத்துப் பக்கம் போகிறது. போகட்டும்.

"போன மாசம் கையை வெட்டிக்கிட்டேன்ல. ரத்தம் வந்துக்கிட்டிருக்கும்போதே நீ ஃபோன் பண்ணி, மருந்து போட்டியான்னு கேட்ட. நான் யார்கிட்டயும் சொல்லல. ஆபீஸ்ல இருக்கிற மனுஷனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நீ கேக்கவே இல்லயேம்மா. கேப்ப கேப்பன்னு ஃபோனைக் காதுல வெச்சுக்கிட்டு நின்னேன். துணியை இறுக்கிக் கட்டுன்னு சொல்லிட்டு வெச்சிட்ட."

இரக்கமாயிரும். எழுந்து நின்று சாட்சி சொன்னேனே. எல்லார் முன்னாலும், மைக் பிடித்து. நான் பேசவில்லை, பேச வார்த்தை வரிசையாக வந்து பல்லுக்குப் பின்னால் நிற்கிறது, ஒன்றையும் விடவில்லை. அவள் இன்னும் முடிக்கவில்லை. வாயை மூடிக் கீழே திரும்புகிற வரைக்கும் பொறு.

"எனக்குத் திரும்பிப் போக வேண்டாம்மா" என்றாள் ஹெப்சி. "எங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியாம இந்த மூணு நாள் இருந்தேன் பாரு, அது போதும்னு இருக்கு. நீ மட்டும் அவருக்குச் சொல்லிடாத."

ஆமென்.

இதற்கு மேல் ஒரு நொடிகூடக் கூடாது. "நான் சொல்லிட்டேன் ஹெப்சி" என்றேன். "காலையில ஃபோன் பண்ணிட்டேன். வந்துக்கிட்டிருக்காரு."

அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பாறையிலிருந்து இறங்கி, பாறைக்கு அந்தப் பக்கம் போய், ரோட்டிலிருந்து தெரியாத இடத்தில் நின்றுகொண்டாள். அவ்வளவு பழக்கமாக, யோசிக்காமலேயே அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். "எப்ப வருவாரு?" என்றாள். இப்போதே என்றேன். மேலே இரண்டாவது வளைவில் ஒரு வண்டி கியர் மாற்றுகிறது, லாரி இல்லை, ஜீப் இல்லை, புது வண்டி, சத்தமே வராத வண்டி.

வாய்க்கு வந்தது, ஃபேக்டரிக்கு ஓடு, மேல் லயத்துக்குப் போ, பின்வழியாக வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்று. சொல்லவில்லை. "நீ என்ன செய்யணும்னு நினைக்கிற?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் இதுவரை அவளிடம் கேட்டதே இல்லை என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவள் முகமும் அப்படித்தான் இருந்தது.

"இங்கயே இருக்கேன்" என்றாள். "அவரைப் பார்க்க வேண்டாம். ஆனா நீ போய் அவர்கிட்ட பேசாதம்மா. பேசினா அவர் கேட்டுக்கிட்டே இருப்பாரு, சிரிச்சுக்கிட்டே இருப்பாரு, கடைசியில நீயே என் பையைக் கொண்டுவந்து வண்டியில வெச்சிடுவ."

வைப்பேன்தான். நேற்று வரைக்கும் வைத்திருப்பேன், டிபனும் கட்டிக் கொடுத்திருப்பேன். கம்போடு கரையேறுகிறேன். பூட்ஸில் தண்ணீர், ஈர மண்ணில் வழுக்குகிறது, முட்டி மடங்க மாட்டேன் என்கிறது, காட்டுச்செடி முள் முழங்கையில் கிழிக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அடிக்கிறவனைத் தடுக்க எனக்குத் தெரியும், குடிகாரனை எத்தனை பேரை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருக்கிறேன், அன்பாகப் பேசுகிறவனை எப்படி நிறுத்துவது? அவர் அத்தை என்று கூப்பிட்டால் என் வாய் மாப்பிள்ளை என்று பல்லைக் காட்டிவிடும், முப்பத்திரண்டு பல்லையும். பாலத்துக்கு வந்துவிட்டேன். நடுவில் போய் நிற்கிறேன், கம்பைப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டு. என் நிழல் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஓடையில் விழுகிறது, நீளமாக, பாறை வரைக்கும். மீனெல்லாம் ஓடியிருக்கும். ஹெப்சி பார்க்கட்டும்.

வெள்ளைக் கார் வளைவில் திரும்பி, பாலத்தில் ஏறி, என்னைப் பார்த்ததும் மெதுவாகி நின்றது. கண்ணாடி இறங்கியது. முழுக்கைச் சட்டை, சீவின தலை, அந்தச் சிரிப்பு. "என்ன அத்தை, மீனா? இந்தக் குளிர்ல எதுக்கு நீங்க? ஹெப்சி எங்க?" கேட்டுக்கொண்டே அவர் கண் என் தோளைத் தாண்டி ஓடைப் பக்கம் போனது, நிதானமாக, ஒவ்வொரு மூலையாக.

அவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்கிற வாய் இது. சொல்லவில்லை. அவர் சிரிப்பு இன்னும் கொஞ்சம் பெரிதானது, அன்பானது. "கீழ ஓடையிலயா இருக்கா? நான் போய்ப் பார்க்கட்டுமா அத்தை?" கதவின் கைப்பிடிச் சத்தம் கேட்டது. கர்த்தரே இரக்கமாயிரும். காருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் நுழைந்து, அவர் கதவைத் திறக்க முடியாதபடி ஒட்டி நின்றேன். ஆமென்.

"வண்டியத் திருப்புங்க, மாப்பிள்ளை."

அவர் இரண்டு பக்கச் சுவரையும் பார்த்தார். "இங்க திருப்ப இடமில்லயே அத்தை" என்றார், சிரித்துக்கொண்டே.

"அப்ப ரிவர்ஸ்லயே போங்க" என்றேன்.